எல்லாம் சூடுதான்

போன கத்திரி வெயிலில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். என் அண்ணி தேசம்மா லேபுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வலது கை இடுப்பைப் பிடித்திருந்தது. இடது கையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை.

கறுப்புப் பை என்றால் எங்கள் லேபில் ஒரே அர்த்தம்தான், உள்ளே மூத்திர பாட்டில். ஆனால் அவள் பையில் இருந்தது எனக்காக எடுத்துவைத்த நாலு சங்கரா மீன். ராயபுரத்தில், எங்கள் லேபுக்கு எதிர்த்த முனையில்தான் இன்னும் நாலு பெண்களோடு அவள் மீன் விற்கிறாள். விடியற்காலையில் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் கொண்டுவந்து, மத்தியானம் மூன்று மணி வரை அந்த முனையில் குந்தியிருப்பாள்.

"இன்னா அண்ணி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"சூடு புட்ச்சிகிச்சிமே கஸ்தூரி. ரெண்டு நாளா ஒன்னுக்கு போனா நெருப்பா எரியுது. போனா சொட்டுதான். வந்து குந்தினா மறுபடியும் வர்ற மாதிரியே கீது."

"இடுப்புல இன்னா?"

"கூடை தூக்கினது. இந்த வயசுல இடுப்புல இன்னா பூவா பூக்கும்?"

நான் ரத்தம் எடுத்த டியூப்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டே, தலையைக்கூடச் சரியாக நிமிர்த்தாமல் வைத்தியம் சொன்னேன். "வெயில் அண்ணி. ரெண்டு எளநீ குடி. ராத்திரி தொப்புளாண்ட வெளக்கெண்ண தடவிக்கோ. செரியா பூடும்."

அண்ணி தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில் அடித்த ஆணியில் ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாவியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த பத்தாவது நிமிடம் யானைக்கவுனியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஒரே ஒரு தடவை லேசாக எரிந்ததாம். அவரை உட்காரவைத்து, காய்ச்சல் உண்டா, குளிர் உண்டா, முதுகில் வலி உண்டா, கலங்கலாகப் போகிறதா, நாற்றம் உண்டா, ரத்தம் உண்டா என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்து, கையில் டப்பாவைக் கொடுத்து அனுப்பினேன். முன்பின் தெரியாதவர்களிடம் என் அறிவு பிரமாதமாக வேலை செய்யும்.

ஒரு சொல்லில் மொத்த வைத்தியம்

இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் ரத்தத்தையும் மூத்திரத்தையும் உற்றுப் பார்த்துச் சோறு தின்கிறவள் நான். மைக்ராஸ்கோப்பில் சீழணுக்களை எண்ணுவேன். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பேன். இவ்வளவும் தெரிந்தவள், வீட்டு மனுஷி வந்து நின்றால் சொல்வது இளநீரும் விளக்கெண்ணெயும்.

காரணம் அந்தச் சொல். எங்கள் பக்கத்தில் மனித உடம்புக்கு ஒரே ஒரு வியாதிதான், அதன் பெயர் சூடு. கண்ணில் கட்டி வந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. முதுகில் கொப்புளம் பழுத்துச் சீழ் வடிந்தால் சூட்டுக் கட்டி. மூக்கில் ரத்தம் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, மருமகள் எதிர்த்துப் பேசினால் அவளுக்கு உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்த கையோடு சடையங்குப்பத்திலிருந்து ஒரு குடும்பமே வந்தது. நாலைந்து நாள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள். சின்னதுகளின் வாயைச் சுற்றிலும் காலிலும் தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்கு தட்டிய புண்கள். ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கொண்டு போகிற கிருமிப் புண் அது. ஒரே துண்டில் துடைத்தால் போதும், வீடு முழுக்க வந்துவிடும்.

"இன்னான்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"சூட்டுக் கொப்புளம்தாம்மா. வேற இன்னா?" என்றார் அந்த வீட்டுக்காரர்.

நாலு நாள் சில்லென்ற தண்ணீரில் நின்றவருக்கு எங்கிருந்து சூடு வந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன.

சூடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தச் சொல்லின் சௌகரியமே அதுதான்.

ஒரு நாள் சர்க்கரை நோயாளி

நான் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரு வாசகி விடாமல் கடிதம் எழுதுகிறார். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் வாரா வாரம் மூத்திரம் எதற்கு என்று அவருக்கு வருத்தம். அம்மா, நான் வங்கியில் வேலை பார்த்திருந்தால் வேறு எழுதியிருப்பேன். குடும்பத்தில் எல்லாரும் தினமும் செய்கிற ஒரு காரியத்தைக் குடும்பத்தோடு படிக்கக் கூடாது என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ஆனால் அந்த வெட்கம் எனக்குப் புதிதில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதன் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். "அது கொண்டாந்தேன்" என்பார்கள். "தண்ணி டெஸ்ட்" என்பார்கள். ஒரு தாத்தா மேசைமேல் பாட்டிலை வைத்துவிட்டு "சாம்பிராணி" என்று மட்டும் சொன்னார். சாம்பிளைத்தான் சொன்னார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

கொண்டுவருகிற பாட்டில்களோ தனி ரகம். ஊறுகாய் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், ரோஸ்மில்க் பாட்டில். ஒருத்தர் மாம்பழ ஜூஸ் பாட்டிலைக் கழுவாமல் அதில் பிடித்துக்கொண்டு வந்தார். சோதித்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறி நின்றது. மனுஷன் அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உயில் எழுதுவது வரைக்கும் போய்விட்டார். மறுநாள் சுத்தமான டப்பாவில் பார்த்தால் சர்க்கரையே இல்லை. உயில் பேச்சை எடுத்ததற்காக வீட்டில் அவருக்கு விழுந்த திட்டு மட்டும் மிச்சம்.

கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிற கல்சருக்கு இரண்டு நாள் ஆகும் என்றால் சண்டைக்கு வருவார்கள். "ரெண்டு நாளா? அரிசி கூட அரை மணில வெந்துடுது." அந்த இரண்டு நாள் பொறுக்காமல் மருந்துக் கடையில் நாலு மாத்திரையை வாங்கி, இரண்டைப் போட்டு, எரிச்சல் நின்றதும் மிச்சத்தைப் பீரோவில் பத்திரப்படுத்துவார்கள். கிருமியும் அந்த இரண்டு மாத்திரையில் பாடம் படித்துக்கொண்டு, அடுத்த தடவை இன்னும் கெட்டிக்காரனாக வரும்.

சிங்கம் வரைந்த கை

தேசம்மாவின் புருஷன், அதாவது என் அண்ணன் ஏழுமலை, விசைப்படகில் போகிறவன். சில வருஷங்களுக்கு முன்னால் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கட்டைவிரல் அடியில் கெளுத்தி முள் குத்திவிட்டது. கடல்காரர்களின் கைக்கு இது சாதாரணம். இவன் வழக்கம்போல் டீசலைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

கரைக்கு வருவதற்குள் கை சிவந்து, வீங்கி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. தொட்டால் அடுப்பு மாதிரி கொதித்தது. வீட்டில் உடனே மாநாடு கூடி, இது அக்கி என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அக்கி என்றால் அக்கி எழுத வேண்டும். ஒருத்தரிடம் கூட்டிப்போய், கையில் செங்காவியால் சிங்கம் வரைந்து கூட்டிவந்துவிட்டார்கள்.

அக்கி என்பது வேறு. அது வைரஸ். உடம்பில் ஒரு பக்கமாக, பட்டை கட்டின மாதிரி நீர்க்கொப்புளங்கள் வரும். அண்ணன் கையில் இருந்தது முள் குத்தின வழியாக உள்ளே போய்த் தோலுக்கு அடியில் பரவுகிற பாக்டீரியா. ஆனால் இதில் பெரிய வேடிக்கை என்ன என்றால், சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் சிவப்பு வர்ணத்தையே பூசிவிட்டார்கள். சிங்கம் எது, சீக்கு எது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

லேபுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவர் பஞ்சை நனைத்துப் பொறுமையாகச் சிங்கத்தைத் துடைத்தார். வால் போயிற்று, பிடரி போயிற்று. அடியில் சிவப்பு மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. ஒரு நீலப் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதி, மாத்திரை கொடுத்தார்.

"சாயங்காலம் பாருங்க. இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கைமேல சிவப்பா கோடு ஏறினாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. நாளைக்குன்னு தள்ளக் கூடாது."

சாயங்காலம் இரண்டு விரற்கடை தாண்டியிருந்தது. "பேனாக்காரம்மா கோட்ட தப்பா போட்டுகிது" என்று அண்ணன் வாதாடினான். அண்ணிதான் அவன் சட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். அஞ்சு நாள் ஊசி போட்டுக் கை பிழைத்தது. சிங்கம் வரையாமல் இருந்திருந்தால் கை போயிருக்கும் என்று அவன் இன்றைக்கும் படகில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கதையை நான் எங்கள் தெருவில் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பேன். சிவப்பு, சூடு, வீக்கம், வலி, பரவுகிற வேகம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவேன். என்ன பிரயோஜனம்? சிறுநீரகத்தைச் சுற்றி யாரும் பேனாவால் கோடு போட முடியாதே.

கத்திரியில் கம்பளி

அண்ணி லேபில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மூன்றாம் நாள், மத்தியானம் அண்ணன் போன் செய்தான். "உங்க அண்ணி கம்பளி போத்திகினு நடுங்கறா. நீ கொஞ்சம் வூட்டாண்ட வா."

வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே அண்ணி, கம்பளிக்கு மேல் பாயையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். நெற்றியைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டேன். வலது பக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் மெதுவாக விரலை வைத்ததும் துள்ளி விழுந்தாள். கூடை தூக்கின வலி இப்படித் துள்ள வைக்காது. இருபத்தைந்து வருஷப் படிப்பு எனக்கு அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அண்ணி வழி முழுக்க, "எறா டப்பா மேல ஐஸ் போடல, கெட்டு பூடும்" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா பிரஷரைப் பார்த்தார், முதுகில் ஒரு தட்டு தட்டினார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா எரிச்சல்?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அஞ்சு நாள் இருக்கும் டாக்டர்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாள் முன்னாடி. லேபுக்கு வந்தாங்க."

"யூரின் பாத்தியா?"

நான் குனிந்து அண்ணியின் முந்தானையைச் சரிசெய்தேன். அவர் எழுதிக்கொண்டே, "உன் மைக்ராஸ்கோப்புக்கும் அவங்க உக்காந்த பெஞ்சுக்கும் எவ்வளவு தூரம் கஸ்தூரி?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நாலு எட்டுதான் தூரம்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூத்திரப்பையில் ஆரம்பித்தது சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். பிழைப்பாளா என்று அண்ணன் கேட்டதற்கு, நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும் என்றார்கள். கல்சருக்கு இரண்டு நாளா என்று கேட்டுச் சண்டை போட்டவர்களைக் கேலி செய்தவள், அந்த இரண்டு நாளை வார்டு வாசலில் உட்கார்ந்து எண்ணினேன்.

குடலில் சாதுவாகக் குடியிருக்கிற சாதாரணக் கிருமிதான். வழி மாறிப் போனால் ஆளையே தூக்கிவிடும். அதை வாரத்துக்கு நாற்பது தடவை தட்டில் பார்க்கிறவள் நான். என் அண்ணி செத்துப்போனால் அது என்னால்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இளநீர் எங்கே போனது

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அண்ணி கண்ணைத் திறந்து, முதல் வார்த்தையாக இறாலைப் பற்றி விசாரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அவள் கிண்டல் செய்வாள் என்று அதட்ட ஆரம்பித்தேன்.

"ஏன் அண்ணி, எளநீ குடின்னு சொன்னேனே, அதுனாச்சும் குட்ச்சியா?"

"வாங்கினேன். பக்கத்துல நண்டு விக்கிறாளே, அவளுக்கு குட்த்துட்டேன்."

"ஏன்?"

"குட்ச்சா எங்க போறது?"

எனக்கு உடனே புரியவில்லை. அவளே சொன்னாள்.

"காலீல நாலு மணிக்கு வூட்ல போனா, அப்பால மூணு மணிக்கு வூட்டுக்கு வந்துதான். நடுவுல ஏது? தண்ணிய குட்ச்சாத்தான பேஜாரு. அதான் வாய நனைச்சிகினு துப்பிடுவேன். நாங்க அஞ்சு பேரும் அப்படித்தான். எவ்ளோ வருசமா ஓடிகினு கீது."

"எதிர்லதான் நான் கீறேன். லேபுல பாத்ரூம் கீதே அண்ணி."

"கீது. டெஸ்டுக்கு வர்றவங்களுக்கு மட்டும்னு போர்டும் கீது. சாவிய ஆணில மாட்டி உன் மொதலாளி பூட்டிகினு கீறாரு. நான் இன்னா டெஸ்டுக்கா வந்தேன்? அன்னிக்கு அதுக்குத்தான் வந்து குந்தினேன். நீ எளநீ குடின்ன."

அன்றைக்கு அவள் சாவிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்க வந்தது மருந்தை இல்லை. வாயைத் திறந்து கேட்டால் என் வேலைக்குக் கெடுதல் வருமோ என்று பேசாமல் போயிருக்கிறாள். ஊரில் உள்ளவர்களிடம் எல்லாம் தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள் என்று உபதேசம் செய்த நான், எதிரே அஞ்சு பெண்கள் பதினோரு மணி நேரம் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவர்களிடம் மீன் மட்டும் வாங்கியிருக்கிறேன். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.

பெயர் எழுதிய டப்பா

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர்கள் சொன்னது ஒன்றுதான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே. அண்ணி நல்ல பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். மீன்காரப் பெண்கள் லேப் பாத்ரூமுக்கு வந்துபோகட்டுமே சார் என்றேன். "இது மெடிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட் கஸ்தூரி. சுகாதாரம் முக்கியம்" என்றார். சுகாதாரத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை. டெஸ்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்பது விதி, விதி என்றால் விதி என்று முடித்துவிட்டார்.

சரி, விதிப்படியே நடக்கட்டும் என்று முடிவு செய்தேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா அஞ்சு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, பெயர், வயது எழுதினேன். முதல் டப்பா தேசம்மாவுக்கு. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இன்னா புடிக்கணும்?"

"ஒன்னும் புடிக்க வாணாம். கைல வெச்சிகினு வா. யாருனா கேட்டா டெஸ்டுன்னு சொல்லு."

ஒரு வருஷம் ஆகிவிட்டது. அஞ்சு பேரும் மீன் வாசனையோடும் டப்பாவோடும் வந்து, பெஞ்சுக்கு மேலே தொங்குகிற சாவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெயரெழுதிய காகிதம் ஈரத்தில் கிழிந்தால் நான் புதிதாக ஒட்டித் தருகிறேன். இதை எழுதினால் முதலாளிக்குத் தெரிந்துவிடாதா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அவர் வார இதழ் படிப்பதில்லை. செல்போனில், சிறுநீரகக் கல்லை வாழைத்தண்டால் கரைக்கிற வீடியோக்கள்தான் பார்ப்பார்.

போன வாரம் அவர் வாசலில் நின்று, டப்பாவோடு உள்ளே போகிற அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"என்ன கஸ்தூரி, இந்த மீன்காரம்மாவுக்கு தினமும் டெஸ்டா? மத்த நாலு பேரும் வர்றாங்க. அப்படி என்ன வியாதி?"

"வெயில் காலம் சார்," என்றேன். "எல்லாருக்கும் சூடு."

"ஆமாமா, இந்த வருஷம் சூடு ஜாஸ்திதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அண்ணி வெளியே வந்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள். காலி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, என் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து, பாதிக்கு மேல் மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி வெயிலில் இறங்கிப் போனாள்.